கால் செருப்பைப் பிடிக்கக் கூடாது

'பின்வார் வைத்த கனமான சாண்டல் ஒரு ஜோடி இருந்தால் மலைக்கும் மார்க்கெட்டுக்கும் அதுவே போதும்' என்று போன இதழில் எழுதியிருந்தேன். அதற்கு வந்தவற்றில் ஏழு கடிதங்களை இங்கே எடுத்துக்கொள்கிறேன். இந்தப் பகுதியைப் புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: ஆம்பூர்ப் பக்கம் ஒரு காலணித் தொழிற்சாலையில், சோல் ஒட்டும் பிரிவில், 27 வருஷம் வேலை பார்த்தவன் நான். என் மனைவி அதே கம்பெனியில் அப்பர் தையலில், அதாவது காலணியின் மேல்பாகம் தைக்கிற பிரிவில், இருந்தார். பிள்ளைகள் வேலைக்குப் போய்விட்டார்கள். இப்போது நாங்கள் இருவரும் நடக்கிறோம்.

கேள்வி: அக்டோபரில் மகளோடு மேகாலயா போகிறேன். நோங்ரியாட் வேர்ப்பாலத்துக்கு மூவாயிரம் படிக்கு மேல் இறங்க வேண்டுமாம். மகள் ஷூ வாங்கச் சொல்கிறாள். எனக்கு ஷூ போட்டுப் பழக்கமே இல்லை. சேலைதான் கட்டுவேன். சாண்டல் போதுமா? (ஆசிரியை, மதுரை)

போதும் டீச்சர். எந்தச் சாண்டல் என்று பார்த்து வாங்க வேண்டும், அவ்வளவுதான்.

நாங்களும் அந்தப் படிகளில் இறங்கியிருக்கிறோம். டிர்னா கிராமத்தில் ஆரம்பிக்கும். சிமெண்டுப் படிகள், சில இடங்களில் ஏணி மாதிரி செங்குத்து. வழியில் இரண்டு கம்பிப் பாலங்கள், நடந்தால் ஆடும். அதற்கப்புறம்தான் நீங்கள் படத்தில் பார்த்த இரட்டை அடுக்கு வேர்ப்பாலம். காசி என்னும் அந்த ஊர்ப் பழங்குடி மக்கள் ஓடையின் கரையில் அத்தி இனத்து மரம் ஒன்றை வளர்த்து, அதன் வேரை எதிர்க்கரைக்கு இழுத்து விட்டு, தலைமுறை கடந்து பின்னிய பாலம். உயிரோடு இருக்கிற பாலம். அதன் மேல் நிற்கும்போது காலில் நல்ல பிடிமானம் இருந்தால்தான் தலையை நிமிர்த்திப் பார்க்க முடியும்.

ஏறுவதைவிட இறங்குவதுதான் காலுக்குக் கஷ்டம். ஒவ்வொரு படிக்கும் உடம்பின் எடை காலை முன்னால் தள்ளுகிறது. ஷூவாக இருந்தால் விரல்கள் முன்சுவரில் இடிக்கும். மறுநாள் கட்டைவிரல் நகம் கறுத்துப்போவது அதனால்தான். சாண்டலில் அந்தச் சுவர் இல்லை. புறங்காலின் மேலே போகிற வார்தான் காலை நிறுத்த வேண்டும். சாதாரணச் செருப்பில் அந்த வாரும் கிடையாது. விரல்களே மடங்கிச் செருப்பைக் கவ்விக்கொள்ளும். நமக்குத் தெரியாமலே நடக்கிற காரியம் இது. மூவாயிரம் தடவை விரலை மடக்கினால் சாயங்காலம் கெண்டைக்கால் கல்லாகிவிடும். எங்கள் சூப்பர்வைசர் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு முதல் நாளே சொல்வார்: "செருப்புதான் காலைப் பிடிக்கணும். கால் செருப்பைப் பிடிக்கக் கூடாது." சாண்டல் வாங்கப் போகும்போது இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கடையில் இப்படிப் பாருங்கள். விரல்களுக்குப் பின்னால் ஒரு வார், புறங்கால் மேலே ஒரு வார், குதிகாலைச் சுற்றி ஒரு வார். மூன்றையும் தனித்தனியாக இறுக்கவும் தளர்த்தவும் முடிய வேண்டும். இரண்டு காலிலும் போட்டு இறுக்கிக்கொண்டு, கடைப் படியில் விரல் கீழ்நோக்கிச் சரிய நில்லுங்கள். விரல் சோலின் விளிம்பைத் தாண்டினால் அந்த ஜோடி வேண்டாம். அப்புறம் நாலடி நடங்கள். குதிகால் எழும்போது சோலும் கூடவே எழ வேண்டும். 'டப் டப்' என்று தனியாக அடித்தால் பின்வார் சரியில்லை. விரலுக்கு முன்னாலும் குதிகாலுக்குப் பின்னாலும் ஒரு பென்சில் கனம் இடம் இருக்கட்டும். சாயங்காலம் போங்கள், பகலெல்லாம் நின்று வகுப்பெடுத்த கால் அப்போதுதான் தன் முழு அளவில் இருக்கும்.

சேலை கட்டுபவர்களுக்கு வெல்க்ரோ ஆகாது. இதைக் கட்டாயம் எழுதச் சொன்னவர் என் மனைவி. வெல்க்ரோவில் ஒரு பக்கம் பொடிக் கொக்கி, மறு பக்கம் மென்மையான வளையம். அந்தக் கொக்கிப் பக்கம் கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தாலும் சேலையின் ஃபாலைப் பிடித்து இழுக்கும். இரண்டாவது கம்பிப் பாலம் வருவதற்குள் அவருடைய காட்டன் சேலையின் ஓரம் நார்நாராகிவிட்டது. அதற்குப் பிறகு கிளிப்போ பக்கிளோ வைத்ததைத்தான் வாங்குகிறார். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

சோலைப் பற்றி. 'பல் ஆழமா இருக்கு, வழுக்காது' என்பார்கள். ஆழமான பல் மண்ணுக்கும் சேற்றுக்கும் உதவும். நனைந்த வழவழப்பான படியில் பிடிப்பைக் கொடுப்பது ரப்பரின் மென்மைதான். அடிப்பக்கத்தை நகத்தால் அழுத்துங்கள். கொஞ்சம் அமுங்கி மெல்ல மீண்டால் நல்ல ரப்பர். தக்கை மாதிரி எடையே இல்லாமல், அடி முழுக்க ஈ.வி.ஏ. நுரையாக இருந்தால் ஈரத்தில் வழுக்கும். பாசி பிடித்த படியில் எந்த ரப்பரும் நிற்காது. ஆட்கள் மிதித்துத் தேய்ந்த நடுப்பகுதியில் கால் வையுங்கள், ஆரம்பத்திலேயே ஒரு மூங்கில் கழி வாங்கிக்கொள்ளுங்கள்.

செப்டம்பர் முதல் வாரமே வாங்கி, பள்ளிக்கூடத்துக்குப் போட்டுப் பழக்குங்கள். எந்த இடத்தில் உரசுகிறதோ, பயணத்தன்று காலையிலேயே அங்கே பேப்பர் டேப் ஒட்டிவிடுங்கள். எரிய ஆரம்பித்த பிறகு ஒட்டிப் பிரயோஜனமில்லை. வாருக்கடியில் மணல் புகுந்தால் அடுத்த ஓடையில் கழுவுங்கள், தோலை அறுப்பது அந்த மணல்தான். அட்டைக்குப் பயப்படாதீர்கள். ஷூவுக்குள்ளும் அட்டை போகும், ஆனால் கண்ணுக்குத் தெரியாது. சாண்டலில் ஏறினால் உடனே தெரியும், தட்டிவிடலாம். நனைந்த ஷூ அந்த ஊர் ஈரக்காற்றில் இரண்டு நாளானாலும் காயாது.

மகளுக்கு ஷூ பழக்கம் என்றால் அவள் ஷூவே போடட்டும்.

கேள்வி: தினமும் அலுவலகத்துக்கே அந்தச் சாண்டலைத்தான் போட்டுப்போகிறேன். 'ஊர் சுத்தக் கிளம்பிட்டியா' என்கிறார்கள். காலில் வேறு வரிவரியாக வெயில் தழும்பு. (எழுத்தர், திருவாரூர்)

போட்டுக்கொள்ளுங்கள். கறுப்பு அல்லது பழுப்பு, பளிச் நூல் இல்லாதது, வாரம் ஒருமுறை கழுவியது. இவ்வளவு இருந்தால் யாரும் குறைசொல்ல ஒன்றுமில்லை. பைக்கில் போகிறவர் என்றால் மட்டும் விரல் மூடிய வகையைப் பாருங்கள், கியர் லீவர் திறந்த விரலைப் பதம் பார்க்கும்.

தழும்புக்கு ஏன் வெட்கம்? பழந்தமிழில் செருப்புக்குத் தொடுதோல் என்று பெயர். அதைப் போட்டுப் போட்டு வடு ஆழ்ந்த ஆயனின் வலிய பாதத்தைச் சங்கப் புலவர் ஒருவர் நின்று பார்த்திருக்கிறார். நடக்கிறவன் கால் அன்றைக்கும் அப்படித்தான் இருந்திருக்கிறது.

கேள்வி: மூவாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கிய மலையேற்றச் சாண்டலில் சீமைக் கருவேல முள் ஏறிக் காலைக் குத்திவிட்டது. 'என் டயர் செருப்புக்கு ஈடாகுமா' என்கிறார் அப்பா. (விவசாயி, கமுதி)

உங்கள் ஊருக்கு அப்பா சொல்வதே சரி.

இந்தச் சாண்டல்களில் காலுக்கும் தரைக்கும் நடுவே இருப்பது பெரும்பாலும் நுரை. கல்லின் இடியை அது வாங்கிக்கொள்ளும், ஊசியை வாங்காது. கருவேல முள் வெண்ணெயில் போகிற மாதிரி அதற்குள் போய்விடும். டயரில் ரப்பருக்குள்ளே நைலான் இழை குறுக்கும் நெடுக்குமாக அடுக்கடுக்காக ஓடுகிறது. முள்ளின் நுனி அந்த நெசவில் மாட்டி நின்றுவிடும்.

ஒன்று கவனியுங்கள். குத்திய முள்ளைப் பிடுங்கிவிட்டோம் என்று நினைப்போம். நுனி ஒடிந்து நுரைக்குள்ளேயே இருக்கும். நடக்க நடக்க மேலேறி, நாலு நாள் கழித்து வீட்டு வாசலில் குத்தும். அதனால் சோலை வளைத்து, மேல்பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள்.

செருப்பு தைக்கிறவரிடம் கொடுத்து அடியில் ஒரு அடுக்கு டயர் ஒட்டித் தைக்கச் சொல்லலாம், கனம் ஏறும். அதைவிட, அப்பாவின் டயர் செருப்புக்குக் குதிகால் வார் ஒன்று போட்டுக் கொடுங்கள். வரப்பில் வழுக்காமல் நடப்பார். இரவில் தண்ணீர் பாய்ச்சப் போனால் இந்த இரண்டுமே வேண்டாம், மூடிய காலணியும் டார்ச்சும்தான்.

கேள்வி: அப்பாவுக்கு 67 வயது, இருபது வருஷமாகச் சர்க்கரை. பாதம் மரத்திருக்கிறது என்கிறார். சாதாரணச் செருப்பு கழன்று கழன்று போகிறது. நல்ல மலையேற்றச் சாண்டலாக வாங்கித் தரலாமா? (தனியார் நிறுவன ஊழியர், சென்னை)

தம்பி, இப்போது வாங்க வேண்டாம். இந்தக் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். 'கழன்று போகிறது' என்று எழுதியிருக்கிறீர்களே, அது செருப்பின் குறை இல்லை. மேலே சொன்ன மாதிரி, நம் விரல்கள் செருப்பைக் கவ்விக்கொண்டே இருக்கின்றன. உணர்ச்சியும் பாதத்தின் சின்னத் தசைகளின் பலமும் குறையும்போது அந்தக் கவ்வல் போய்விடும். செருப்பு கழன்றதே தெரியாமல் நாலடி நடந்துவிடுவார்கள்.

முதலில் அவரைச் சர்க்கரை மருத்துவரிடம் கூட்டிப்போய்ப் பாதத்தைக் காட்டுங்கள். 10 கிராம் அழுத்தத்தில் வளைகிற ஒரு நைலான் இழையால் உள்ளங்காலில் தொட்டுத் தொட்டு, 'தெரிகிறதா' என்று கேட்பார்கள். வலியில்லாத பரிசோதனை, சில நிமிஷத்தில் முடிந்துவிடும். உணர்ச்சி இல்லை என்று வந்தால் கடைச் சாண்டல் அவருக்குக் கூடாது. எம்.சி.ஆர். செருப்பு எழுதிக்கொடுப்பார்கள்.

அந்தச் செருப்பின் கதை எங்கள் பக்கத்துக் கதை. டாக்டர் பால் பிராண்ட் 1946-இல் வேலூர் வந்தார். தொழுநோயாளிகளின் விரலும் பாதமும் நோயினால் அழுகி விழுவதாகத்தான் அப்போது எல்லோரும் நம்பினார்கள். அவர் கூர்ந்து பார்த்து வேறொன்று சொன்னார்: வலி தெரியாததால் காயத்தின் மேலேயே நடக்கிறார்கள், அதனால்தான் கால் போகிறது. அப்படியானால் சரியான செருப்பே வைத்தியம் ஆகிறது. வேலூரிலும் பக்கத்தில் கரிகிரி தொழுநோய் மையத்திலும் நுண்ணறை ரப்பரில் செருப்புகள் செய்யப்பட்டன. எம்.சி.ஆர். என்பது அந்த ரப்பரின் ஆங்கிலப் பெயர்ச் சுருக்கம். கால் படுகிற இடம் மென்மை, அடியில் உறுதியான சோல், குதிகாலுக்கு வார், எங்கும் ஆணி கிடையாது. இன்று நம்மூரில் சர்க்கரை நோயாளிகள் போடுவது அதே வழியில் வந்ததுதான். பார்வைக்கு மலையேற்றச் சாண்டலுக்குத் தம்பி மாதிரி இருக்கும். கடைச் சாண்டலின் கடினமான மேடு பள்ளமும் வாரின் ஓரத் தையலும் நமக்கு உறுத்தும், உடனே சரிசெய்வோம். அவருக்கு உறுத்தவே உறுத்தாது. அதுதான் ஆபத்து.

புதுச் செருப்பு வந்ததும் முதல் நாள் ஒரு மணி நேரம் மட்டும் போடட்டும். கழற்றியதும் பாதத்தைத் திருப்பி நீங்கள் பாருங்கள், அவரால் குனிந்து பார்க்க முடியாது. எங்காவது சிவந்திருந்தால் திரும்பக் கொண்டுபோய்க் காட்டுங்கள். தினமும் போடும் முன் உள்ளே கையை விட்டுத் தடவுங்கள், ஒரு சின்னக் கல் போதும். கோயிலில் பகல் பன்னிரண்டு மணிக் கல் தரையில் அவரை வெறுங்காலோடு நடக்க விடாதீர்கள். சூடு தெரியாது, கொப்புளம் வந்துவிடும். காலையில் கூட்டிப்போங்கள்.

கேள்வி: சாண்டலில் நாற்றம் போக என்ன வழி? (கல்லூரி மாணவி, கோவை)

வேர்வையும் அழுக்கும் சேர்ந்த இடத்தில் கிருமி வளர்வதுதான் நாற்றம். பழைய பிரஷ், சோப்பு, தண்ணீர். கால் படுகிற மேற்பரப்பைத் தேய்த்துக் கழுவி, காற்றோட்டமுள்ள நிழலில் நிறுத்திக் காய வையுங்கள். மொட்டை மாடி வெயில் வேண்டாம், ஒட்டிய சொல்யூஷன் இளகும். ஈரம் காயாமல் மறுநாள் போடாதீர்கள்.

கேள்வி: நல்ல கடையில் வாங்கிய சாண்டல். நாலு வருஷத்துக்கு முன்னால் இரண்டு தடவை போட்டுவிட்டு, பத்திரமாகப் பெட்டியிலேயே வைத்திருந்தேன். போன மாதம் கல்யாணத்துக்குப் போட்டுப்போனால் மண்டப வாசலிலேயே சோல் பிஸ்கட் மாதிரி உதிர்ந்துவிட்டது. ஏமாற்றிவிட்டார்களா? (இல்லத்தரசி, நாகப்பட்டினம்)

ஏமாற்று வேலை இல்லை அம்மா. உங்கள் சோல் பி.யு., அதாவது பாலியுரித்தேன். மெத்தென்று இருக்கும், தேயவும் நாளாகும். ஆனால் காற்றிலுள்ள ஈரம் அதற்குள் போய், அதன் மூலக்கூறுச் சங்கிலிகளைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்துக்கொண்டே இருக்கும். போட்டாலும் போடாவிட்டாலும் இது நடக்கும். கடலோர ஊர், காற்றோட்டமில்லாத பெட்டி, அதில் வருஷக்கணக்கு என்றால் இன்னும் சீக்கிரம் நடக்கும். பத்திரமாக வைத்ததுதான் அதைக் கெடுத்தது என்று சொல்ல எனக்கே வருத்தமாக இருக்கிறது. நல்லது என்று எடுத்து வைக்கிற வழக்கம் நம் வீடுகளில் எல்லாவற்றுக்கும் உண்டு. செருப்பை மட்டும் வாங்கினால் போட்டுவிடுங்கள்.

மேல்பாகம் நன்றாக இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். உதிர்ந்த சோலை முழுக்கச் சுரண்டி எடுத்துவிட்டு ரப்பர் சோல் போட்டுத் தரச் சொல்லுங்கள். வீட்டில் வேறு பழைய ஜோடி இருந்தால் சோலின் பக்கவாட்டைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். நுண்ணிய விரிசல் தெரிந்தாலோ பிசுபிசுத்தாலோ அதை நம்பி ஊருக்குக் கிளம்பாதீர்கள்.

கேள்வி: ஆயிரம் ரூபாய்க்கும் சாண்டல் இருக்கிறது, எட்டாயிரத்துக்கும் இருக்கிறது. வித்தியாசம் எங்கே? இதை முதலில் செய்தது யார்? (பொறியியல் மாணவர், சேலம்)

இரண்டாவது கேள்விக்கு முதலில். செருப்பில் வார் என்பது உலகமெங்கும் பழையது. இன்று நாம் பேசுகிற இந்த நைலான் வார்ச் சாண்டல் மட்டும் ஆற்றில் பிறந்தது. அமெரிக்காவின் கிராண்ட் கேன்யனில் படகு வழிகாட்டியாக இருந்த மார்க் தாட்சர் 1984-இல் செய்தார். ரப்பர் செருப்பு ஆற்றோடு போய்விடுகிறது, ஷூவோ நனைந்தால் கனக்கிறது. அதனால் ரப்பர் செருப்பில் கணுக்காலுக்கு ஒரு வெல்க்ரோ வார் சேர்த்தார். டெவா என்று பெயர் வைத்தார், எபிரேயத்தில் இயற்கை என்று பொருள். ஐந்து வருஷம் கழித்து 1989-இல் கொலராடோவில் இன்னொரு ஆற்று வழிகாட்டி, மார்க் பைஜன், சாக்கோவைத் தொடங்கினார். அதில் ஒரே வார் சோலுக்குள் நுழைந்து மறுபக்கம் வெளியே வந்து காலைச் சுற்றும். இரண்டு பேருமே கால் செருப்பைப் பிடிக்க முடியாத இடத்தில் வேலை செய்தவர்கள்.

விலை வித்தியாசம் உங்கள் கண்ணுக்குத் தெரியாத இடத்தில்தான் இருக்கிறது: வார் சோலுக்குள் போகிற வேரில். வாரை இரண்டு அடுக்குக்கு நடுவே வைத்து சொல்யூஷனால் ஒட்டுவது எளிய வழி. ஒட்டுவதிலும் முறை இருக்கிறது. பரப்பைச் சொரசொரப்பாக உரச வேண்டும், பிரைமர் பூச வேண்டும், சொல்யூஷன் பூசிக் காயவிட்டு, சூடேற்றி, பிரஸ்ஸில் அழுத்த வேண்டும். உரசாமல் ஒட்டினாலும் பார்க்க அப்படியேதான் இருக்கும். கடையில் தெரியாது, கல்லிலும் தண்ணீரிலும்தான் தெரியும்.

எனக்குக் கொல்லிமலையில் தெரிந்தது. ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரம் படிக்கு மேல் இறங்கி, குளித்துவிட்டு ஏறிக்கொண்டிருந்தேன். பாதி தூரத்தில் வலது காலின் முன்வார் வேரோடு கழன்று வந்துவிட்டது. அத்தனை வருஷம் சோல் ஒட்டியவன் கையில் அந்த வார் கிடக்கிறது. புரட்டிப் பார்த்தேன். உள்ளே போயிருந்த துண்டில் உரசிய தடமே இல்லை, கண்ணாடி மாதிரி இருந்தது. எந்தக் கம்பெனியோ, எந்தக் கையோ, அன்றைக்கு எண்ணிக்கை முடிக்கிற அவசரத்தில் அந்த ஒரு வேலையை விட்டிருக்கிறது. அந்த அவசரம் எனக்குத் தெரியும். துண்டைக் கிழித்துச் சோலோடு காலைக் கட்டிக்கொண்டு மீதிப் படியை ஏறினேன்.

அதனால், தம்பி, விலைச் சீட்டைப் பார்க்கும் முன் வாரின் வேரைப் பாருங்கள். வாரைப் பக்கவாட்டில் பலமாக இழுத்து, நகம் நுழைகிற அளவு இடுக்கு விழுகிறதா என்று பாருங்கள். சோலைச் சுற்றித் தையல் ஓடியிருந்தால் நல்லது. சோலை இரு கையாலும் முறுக்கினால் துணி மாதிரி முறுக்கக் கூடாது. வளைத்தால் விரல் மடங்குகிற இடத்தில் வளைய வேண்டும், நடுப்பாதத்தில் மடங்கக் கூடாது. ஆயிரம் ரூபாய்ச் சாண்டலில் இதெல்லாம் சரியாக இருப்பதையும் பார்த்திருக்கிறேன், எட்டாயிரத்தில் தவறியதையும் பார்த்திருக்கிறேன். ஆன்லைனில் வாங்குவதானால் சாயங்காலம் சுவரோரம் குதிகாலை ஒட்டி நின்று, காகிதத்தில் நீளத்தை மில்லிமீட்டரில் குறித்துக்கொள்ளுங்கள். யு.கே. அளவில் ஒரு எண் சுமார் எட்டரை மில்லிமீட்டர், ஐரோப்பிய அளவில் ஏழுக்கும் கொஞ்சம் குறைவு. பெட்டியில் இருக்கிற எண்ணைவிட உங்கள் மில்லிமீட்டரை நம்புங்கள்.

கழன்ற அந்தச் சாண்டலை ஊருக்கு வந்ததும் பஸ் ஸ்டாண்டு அருகே வேப்ப மரத்தடியில் உட்கார்கிறவரிடம் கொடுத்தேன். வாரின் நுனியைக் கல்லில் உரசி, ஒட்டி, மெழுகு போட்ட நைலான் நூலால் இரண்டு சோலையும் சுற்றித் தைத்தார். 120 ரூபாய் வாங்கினார். அதற்கப்புறம் அதைப் போட்டுக்கொண்டு கொல்லிமலைக்கே இரண்டு முறை போய்வந்துவிட்டேன். போன மாதம் இடது காலின் பின்வார் மட்டும் மாற்ற வேண்டியிருந்தது. அதையும் அவரிடமே கொடுத்தேன்.